ஆல்புமின் சரியா இருக்கு, ஆளு மட்டும் உருகுறாரு: பக்கவாதம் வந்தவருக்கு சத்துக்குறைவை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குடியாத்தம் சிஸ்டர் | 5 மே 2025, இரவு 9.10

வீட்டுக்கு வீடு போய்ப் பார்க்கிற நர்ஸ் நான். ஒரு கேஸ் பத்திக் கேட்கணும். 64 வயசு ஆண், சர்க்கரை உண்டு, இன்சுலின் போடுறாங்க. மார்ச் கடைசியில பக்கவாதம். வலது கை, வலது கால் விழுந்துடுச்சு, பேச்சும் போச்சு. அன்னையிலிருந்து மூக்கு வழியா வயித்துக்குப் போற ரைல்ஸ் டியூப். ஒரு நாளைக்கு எட்டு தடவை 200 மில்லி ஊத்துறாங்க. வயிறு நிறையுது, ஏப்பம் வருதுன்னு வீட்ல திருப்தி. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில ஆல்புமின்ங்கற ரத்தப் புரதம் 3.8. "சத்து நல்லாத்தான் இருக்கு, ரிப்போர்ட்லயே போட்டிருக்கே"ன்னு மகன் சொல்றாரு. ஆனா தோள்பட்டை எலும்பு தெரியுது, நெத்திப்பொட்டு குழி விழுந்துருக்கு. முதுகுக்குக் கீழே சிவந்து வர ஆரம்பிச்சிருக்கு. ரிப்போர்ட்டை நம்புறதா, கண்ணை நம்புறதா?

காட்பாடி டயட்டீஷியன் | 5 மே, இரவு 10.35

கண்ணை நம்புங்க சிஸ்டர்.

ஆல்புமினை சத்துக் கணக்குக்கு எடுக்கிற வழக்கத்தை விட்டே ஆகணும். ரத்தத்துல அது பாதியா குறையவே கிட்டத்தட்ட 20 நாள் ஆகும். காய்ச்சல், கிருமித்தொற்று, நெஞ்சுச்சளி வந்தா, நல்லா சாப்பிடுறவருக்கும் சர்ருன்னு இறங்கும். மாறா, தொற்று எதுவும் இல்லாம வெறுமனே பட்டினியில வாடுறவருக்கு வாரக்கணக்கா நார்மலாவே நிற்கும். இவருக்கு இன்னொண்ணும் சேர்ந்திருக்கலாம். உடம்புல தண்ணி குறைஞ்சா ரத்தம் கெட்டியாகி ஆல்புமின் ஏறினாப்ல காட்டும். கத்திரி வெயில் நேத்துதான் ஆரம்பிச்சிருக்கு. 3.8ங்கறது சத்தைக் காட்டுதா, வறட்சியைக் காட்டுதான்னு அந்த ரிப்போர்ட்டை வெச்சு யாராலயும் சொல்ல முடியாது.

எனக்கு நாலு விஷயம் வேணும். இப்போதைய எடை, நோய் வர்றதுக்கு முந்தின எடை, உயரம், அந்த எட்டு தடவையில என்னென்ன எவ்வளவு போகுதுங்கற கணக்கு. "கஞ்சி"ன்னு மட்டும் எழுதாதீங்க. மாவு எத்தனை ஸ்பூன், தண்ணி எத்தனை டம்ளர்னு பக்கத்துல நின்னு பார்த்து எழுதுங்க. பேச்சு போனவரால பசிக்குதுன்னு சொல்ல முடியாது. அதனால இந்தக் கணக்கை நாமதான் போட்டாகணும்.

குடியாத்தம் சிஸ்டர் | 6 மே, மதியம் 1.20

எடை எப்படி மேடம் எடுக்கிறது, நிற்கவே மாட்டாரே. இப்போதைக்கு மேல்கை சுற்றளவு எடுத்தேன், 25 செ.மீ. 23.5க்கு மேல இருந்தா பரவாயில்லைன்னு படிச்சிருக்கேன். அப்போ தப்பிச்சாரா?

காட்பாடி டயட்டீஷியன் | 6 மே, மதியம் 2.05

எந்தக் கையில எடுத்தீங்க? விழுந்த கையா இருந்தா அந்த அளவை அடிச்சிடுங்க. அசைவில்லாம தொங்குற கையில நீர் கோர்த்து வீங்கியிருக்கும். விரலால அஞ்சு நொடி அழுத்திப் பாருங்க, குழி நிற்கும். அளவு எதுவானாலும் நல்லா இருக்கிற பக்கத்துலதான் எடுக்கணும். இவருக்கு இடது பக்கம். முழங்கையை மடக்கி, தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவுல பேனாவால புள்ளி வைங்க. அப்புறம் கையை நீட்டித் தளர்வா விட்டு, அந்தப் புள்ளியில டேப்பைச் சுத்துங்க. டேப் தோலைத் தொடணும், அழுத்தக் கூடாது.

உயரத்துக்கு முழங்கால் உயரம் எடுங்க. படுத்தபடியே இடது முழங்காலையும் கணுக்காலையும் 90 டிகிரிக்கு மடக்கி, உள்ளங்காலுக்கு ஒரு அட்டை, முழங்காலுக்கு மேல தொடைப்பக்கம் ஒரு அட்டை வெச்சு நடுவுல இருக்கிற தூரத்தை அளக்கணும். ரெண்டு தடவை எடுங்க. அரை சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா மூணாவது தடவையும் எடுங்க.

எடைக்கு ஒரு வழி இருக்கு. குடியாத்தம் பக்கம் மண்டியோ அரிசி ஆலையோ இல்லாத தெரு கிடையாது. அங்க இருக்கிற பிளாட்பாரத் தராசுல பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வெச்சு நிறுத்துட்டு, நாற்காலி எடையைக் கழிச்சிடலாம். ஆட்டோவுல ஏத்திட்டுப் போக முடியாதுன்னா வீட்டுக் குளியலறைத் தராசுல மகன் அவரைத் தூக்கிட்டு நிற்கட்டும், பிறகு தனியா நிற்கட்டும். அது ஒரு கிலோ முன்னே பின்னே காட்டும். முதல் தடவைக்கு மண்டித் தராசுதான் நல்லது. அதே தராசு, அதே நாற்காலி. தராசை மாத்தாதீங்க.

குடியாத்தம் சிஸ்டர் | 8 மே, மாலை 6.45

விழுந்த கையிலதான் எடுத்திருக்கேன் மேடம். இன்னிக்கு இடது கை 21.5. முழங்கால் உயரம் 50 செ.மீ. மண்டியில நிறுத்தாச்சு, நாற்காலி கழிச்சு 46.0 கிலோ. சர்க்கரை நோட்டுல ஜனவரி எடை 54ன்னு எழுதியிருக்கு.

சாப்பாடு: கேழ்வரகுக் கஞ்சி ஆறு தடவை. ஒரு தடவைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் மாவு, நிறுத்தா 10 கிராம், மீதி தண்ணி, உப்பு. பால் ஒரு தடவை, பாதிப் பாதி தண்ணி. இளநீர் ஒரு தடவை. மாவு இன்னும் போட்டா டியூப் அடைக்குதாம்.

காட்பாடி டயட்டீஷியன் | 8 மே, இரவு 9.50

கணக்கைப் போட்டுடலாம்.

உயரம்: ஆண்களுக்கு 64.19லிருந்து வயசை 0.04 ஆல பெருக்கிக் கழிச்சு, முழங்கால் உயரத்தை 2.02 ஆல பெருக்கிக் கூட்டணும். 64.19 கழித்தல் 2.56 கூட்டல் 101, அதாவது 162.6 செ.மீ. (பெண்களுக்கு 84.88, 0.24, 1.83.) இது அமெரிக்காவுல போட்ட சூத்திரம், நம்ம ஆட்களுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். மூணு சென்டிமீட்டர் தப்பா இருந்தாலும் இவர் விஷயத்துல முடிவு மாறாது. உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டுற பிஎம்ஐ 17.4.

எடை இழப்பு: 54ல 8 போச்சு, 14.8 சதவீதம், நாலே மாசத்துல.

சத்துக்குறைவு ஆபத்துக்கு மார்க் போடுற மஸ்ட் கருவியில போட்டா பிஎம்ஐ 18.5க்குக் கீழே, அதுக்கு 2. எடை 10 சதவீதத்துக்கு மேல போயிருக்கு, அதுக்கு 2. மொத்தம் 4. ரெண்டு வந்தாலே அதிக ஆபத்து. 23.5க்குக் கீழே இருக்கிற மேல்கை அளவும் அதையேதான் சொல்லுது.

உள்ளே போறதைப் பாருங்க. 60 கிராம் கேழ்வரகுல சுமார் 195 கலோரி, 4 கிராம் புரதம். 100 மில்லி பால்ல 70 கலோரி, 3 கிராம் சொச்சம். இளநீர் 40. ஆக 305 கலோரி, எட்டு கிராம் புரதம்கூட முழுசா இல்ல. தேவை கிலோவுக்கு 25லிருந்து 30 கலோரி, அதாவது 1150லிருந்து 1380. புரதம் கிலோவுக்கு 1.2 வெச்சா 55 கிராம். கலோரி கால்வாசிதான் போகுது, புரதம் ஏழுல ஒரு பங்கு. அளவைப் பார்த்தா 1600 மில்லி, அதனாலதான் வயிறு நிறையுது. மகன் பார்க்கிறது மில்லி. நாம பார்க்க வேண்டியது மில்லிக்குள்ள இருக்கிற மாவும் பாலும்.

ஒரு வேளைக்கு 250 மில்லி வர்ற மாதிரி ஒரு கலவை: பால் 150 மில்லி, கொழுப்பு நீக்கின பால் பவுடர் 10 கிராம், முளைகட்டின கேழ்வரகு மாவு 15 கிராம், பொட்டுக்கடலை மாவு 10 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன், மீதி தண்ணி. இதுல சுமார் 270 கலோரி, 12 கிராம் புரதம். அஞ்சு வேளைக்கு 1350 கலோரி, 60 கிராம் புரதம். சர்க்கரை, வெல்லம் எதுவும் வேண்டாம். நாளைக்கே ஆரம்பிச்சிடலாம். சிறுநீரகம் எப்படி இருக்குன்னு தெரியணும், கிரியாட்டினின் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க.

காட்பாடி டயட்டீஷியன் | 9 மே, காலை 6.15

சிஸ்டர், நேத்து கடைசியில எழுதினதை நிறுத்துங்க. நாளைக்கே அஞ்சு வேளைன்னு எழுதினது தப்பு.

பிஎம்ஐ 18.5க்குக் கீழே, எடை இழப்பு 10 சதவீதத்துக்கு மேல. ரெண்டும் சேர்ந்தா மறு-ஊட்ட நோய்க்குறிக்கு அதிக ஆபத்து உள்ளவர். அதுக்கு மேல இன்சுலின் போடுறாங்க. குடிப்பழக்கம் இருந்ததான்னு நான் கேட்கவே இல்ல, இப்பவே கேட்டுச் சொல்லுங்க. வாரக்கணக்கா பட்டினி கிடந்த உடம்புக்குள்ள திடீர்னு மாவுச்சத்து போனா இன்சுலின் ஏறும். ரத்தத்துல இருக்கிற பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூணும் செல்லுக்குள்ள ஓடிடும். ரத்தத்துல அடிமட்டத்துக்குப் போனா இதயத்துடிப்பு தவறும், மூச்சுத் தசை சோரும். பட்டினியைத் தாங்கினவர் சாப்பாட்டால சாகிற நிலைமை வரும்.

அதனால முறை இப்படி. முதல்ல உங்க டாக்டர்கிட்ட சொல்லி பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பரஸ் மூணும் எடுக்கணும். பாஸ்பரஸ் எல்லா இடத்துலயும் பார்க்க மாட்டாங்க, அடுக்கம்பாறை பெரிய ஆஸ்பத்திரியிலயோ டவுன் லேப்லயோ கேளுங்க. முதல் வேளை உணவுக்கு முன்னாடியே தயமின், அதாவது வைட்டமின் பி1. வாய்வழி அளவு ஒரு நாளைக்கு 200லிருந்து 300 மி.கி., பத்து நாள். அதையும் டாக்டர் எழுதித் தரணும். உணவு கிலோவுக்கு 10 கலோரியில ஆரம்பம். முதல் ரெண்டு நாள் புதுக் கலவை ரெண்டு வேளை மட்டும், மத்த வேளைக்கு வெறும் தண்ணி. மூணாம், நாலாம் நாள் மூணு வேளை. அஞ்சு, ஆறுல நாலு. ஏழாம் நாள் அஞ்சு. ஒவ்வொரு படி ஏத்துறதுக்கு முன்னாடியும் அந்த மூணு உப்பும் பார்க்கணும். நடுவுல கால் வீக்கம், மூச்சு வாங்குறது, படபடப்பு, திடீர்க் குழப்பம் இதுல எது வந்தாலும் உணவைக் குறைச்சிட்டு 108ஐக் கூப்பிடுங்க.

சாப்பாடு மாறினா இன்சுலின் அளவும் மாறணும், அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க. இன்னொண்ணு, டியூப் வெளியே வந்துட்டா இன்சுலின் போடாம முதல்ல போன் பண்ணணும்னு மகன்கிட்ட அழுத்திச் சொல்லிடுங்க. சாப்பாடு இல்லாம ஊசி மட்டும் போட்டு ராத்திரியில சர்க்கரை இறங்குறதுதான் வீட்ல நடக்கிற பெரிய விபத்து.

குடியாத்தம் சிஸ்டர் | 9 மே, காலை 11.30

குடி இருந்திருக்கு மேடம், தினமும். கிரியாட்டினின் 0.9. டாக்டர் தயமின் எழுதிட்டாரு, ரத்தமும் எடுத்தாச்சு. பொட்டாசியம் 3.4, அதுக்கு சிரப் கொடுத்திருக்காரு. மத்த ரெண்டும் நார்மல்.

ஆற்காடு மருந்தாளர் | 9 மே, இரவு 8.00

டியூப் அடைக்குதுன்னு சொன்னீங்களே சிஸ்டர், கஞ்சி மேல மட்டும் பழி போடாதீங்க. மாத்திரையை எப்படிக் கொடுக்கிறாங்கன்னு பாருங்க. பான்டோபிரசோல், மேல்பூச்சு போட்ட ஆஸ்பிரின், எஸ்ஆர்னு (மெதுவா கரையுற வகை) எழுதின மெட்பார்மின் மூணையும் இடிக்கவே கூடாது. பூச்சு உடைஞ்சா முதல் மருந்து அமிலத்துல வீணாகும், எஸ்ஆர் மருந்து ஒரே அடியா உடம்புல இறங்கும். பூச்சுத் துணுக்கு பசை மாதிரி டியூப்ல ஒட்டிக்கும். ஆஸ்பிரின் தண்ணியில கரையுற வகை கிடைக்குது. மெட்பார்மின் சாதா வகை இருக்கு. எழுதின டாக்டர்கிட்ட சொன்னா மாத்திக் கொடுப்பாங்க. குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டாட்டின் இடிக்கலாம். எல்லாத்தையும் ஒரே உரல்ல சேர்த்து இடிக்காதீங்க. ஒவ்வொண்ணா கரைச்சு, நடுநடுவே 10, 15 மில்லி தண்ணி விடணும். மருந்தை உணவுல கலக்கவும் கூடாது.

வலிப்புக்குப் பெனிட்டாயின் சாப்பிடுறவங்களா இருந்தா டியூப் உணவு அதோட உறிஞ்சலைக் குறைக்கும். முன்னாடி ஒரு மணி, பின்னாடி ஒரு மணியாவது இடைவெளி விடணும். பேதி ஆனா உடனே பாலைச் சந்தேகப்படுறாங்க. சிரப் மருந்துல இனிப்புக்குச் சேர்க்கிற சார்பிட்டாலும் பேதி உண்டாக்கும்.

ராணிப்பேட்டை பேச்சு-விழுங்கல் | 11 மே, காலை 10.10

பேச்சு, விழுங்கல் சிகிச்சை பார்க்கிறவன் நான், கேட்க வேண்டியது வேற. வாய் வழியா எதுவும் போகலைன்னு உறுதியா சிஸ்டர்? நம்ம ஊர்ல டியூப் இருந்தாலும் "ஆசைப்படுறாரு, ஒரு வாய் காபி"ன்னு ஊத்துவாங்க. இருமல் வரலைன்னா நல்லா விழுங்கிட்டாருன்னு நினைப்பாங்க. பக்கவாதத்துல சத்தமே இல்லாம புரை ஏறும். தொண்டையில உணர்ச்சி மரத்துப்போனா இருமலே எழும்பாது, காபி நேரா நுரையீரலுக்குப் போகும். விழுங்கின பிறகு குரல் தண்ணிக்குள்ள பேசுற மாதிரி கொழகொழன்னு வருதா, மதியத்துக்கு மேல லேசா காய்ச்சல் அடிக்குதா, மூச்சு வேகமாகுதா, இதையெல்லாம் பார்க்கணும்.

குடியாத்தம் சிஸ்டர் | 11 மே, மதியம் 12.40

காபி இல்ல சார். களி கொடுத்துப் பார்த்திருக்காங்க, ரெண்டு தடவை. மெல்ல வேண்டியதே இல்ல, வழுக்கிட்டுப் போயிடும்னு அந்த வீட்டு அம்மா சொன்னாங்க.

ராணிப்பேட்டை பேச்சு-விழுங்கல் | 11 மே, மதியம் 1.15

இதுக்குத்தான் கேட்டேன். வட ஆற்காட்டு வீடுகள்ல இது எல்லோரும் நினைக்கிறதுதான். களியை உருட்டிக் குழம்புல தோய்ச்சு மெல்லாம முழுங்கியே பழக்கம், அதனால மெல்ல முடியாதவருக்கு ஏத்ததுன்னு தோணும். நல்லா இருக்கிற தொண்டைக்குத்தான் அது வழுக்கும். வலு இல்லாத தொண்டையில அது ஒட்டிக்கிற உருண்டை, மூச்சுக்குழல் வாயில உட்கார்ந்தா அடைச்சிடும். கூழும் ஆகாது. அதுல நொய் இருக்கு, மோர் இருக்கு, வெங்காயம் இருக்கு. தண்ணியும் திப்பியும் கலந்த எந்த உணவும் இவங்களுக்குக் கஷ்டம். தண்ணி முதல்ல ஓடிடும், திப்பி பின்தங்கும், தொண்டை ரெண்டுக்கும் சேர்த்து மூடத் தெரியாம திணறும். ரசஞ்சாதமும் இதே கதைதான்.

எப்போ ஆரம்பிக்கலாம்னா, 15 நிமிஷமாவது விழிப்பா உட்காரணும், சொன்னா இருமணும், எச்சிலை விழுங்கணும், வாயோரம் வழியக் கூடாது. அதுக்கப்புறம் விழுங்கலுக்கு மார்க் போடுற கஸ் பரிசோதனை. அதுல முதல்ல கெட்டிக்கூழ் பதம், அரை டீஸ்பூன். அது சரியா போனாத்தான் தண்ணி, 3 மில்லி, 5, 10, 20, 50ன்னு ஏத்திட்டுப் போறது. கடைசியா திடம். மொத்தம் 20 மார்க். இது தெரிஞ்ச ஆள் பக்கத்துல இல்லாம வீட்ல யாரும் இதைச் செய்யக் கூடாது. அதுவரைக்கும் வாய்க்கு ஒண்ணும் வேண்டாம். ஆனா வாயைத் தினமும் ரெண்டு வேளை மெத்து பிரஷ்ஷால துலக்கணும். டியூப் போட்டவங்க வாய் அழுக்கா இருந்தா அந்த எச்சிலே நெஞ்சுச்சளிக்குப் போதும்.

காட்பாடி டயட்டீஷியன் | 12 மே, இரவு 9.20

டியூப் அடைப்புக்கு வர்றேன். மாவு அதிகம் போட்டா அடைக்குதுன்னு அம்மா சொன்னது உண்மை. மாவுச்சத்து சூட்டுல தண்ணியை இழுத்து உப்பிக் கெட்டியாகும். அதனால வீட்ல மாவைக் குறைச்சு தண்ணியைக் கூட்டுவாங்க, சத்து அங்கதான் போயிடுது. முளைகட்டின மாவுன்னு நான் சொன்னதுக்குக் காரணம், முளைக்கிற தானியத்துல அமைலேஸ் நொதி உண்டாகும். அது மாவுச்சத்தைத் துண்டு துண்டா வெட்டிக் கஞ்சியை நீர்க்க வைக்கும். மாவு அதே அளவு, ஓட்டம் மட்டும் தண்ணி மாதிரி.

செய்முறையில ஒரு நுணுக்கம் இருக்கு. கேழ்வரகை ராத்திரி ஊறவெச்சு, துணியில கட்டி, இந்த வெயிலுக்கு ஒரு நாள் போதும், முளை வந்ததும் காயவெச்சு, வேரைத் தேய்ச்சு உதறிட்டு, வறுக்காம அரைக்கணும். கடையில விக்கிற சத்துமாவு பெரும்பாலும் வறுத்து அரைச்சது, நொதி அதுல செத்திருக்கும். முதல்ல மாவு, பொட்டுக்கடலை மாவு, தண்ணி சேர்த்துக் காய்ச்சுங்க. அடுப்பை அணைச்சு, விரல் தாங்காத சூடு ஆனா கொதிப்பு இல்லைங்கற நிலைக்கு வந்ததும், எடுத்துவெச்ச ஒரு டீஸ்பூன் முளைமாவைத் தூவிக் கலக்குங்க. கொதிக்கிறப்போ போட்டா நொதி வெந்துடும். அஞ்சு பத்து நிமிஷத்துல கரண்டியிலிருந்து கனமா விழுந்த கஞ்சி சரசரன்னு ஒழுகும், கண்ணாலயே பார்க்கலாம். அப்புறம் பாலும் பால் பவுடரும் சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்கி, எண்ணெய் ஊத்தி, வெள்ளை வேட்டித் துணியில வடிகட்டுங்க.

ராணிப்பேட்டை பேச்சு-விழுங்கல் | 12 மே, இரவு 10.05

மேடம் சொன்ன அதே நொதி எச்சில்லயும் இருக்கு. வாய் வழியா ஆரம்பிச்ச பிறகு இது எதிரி. சோளமாவு போட்டுக் கெட்டியாக்கின பானத்துல எச்சில்பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்ப விட்டா கால்மணி நேரத்துல நீர்த்துடும். ஆரம்பத்துல பாதுகாப்பா இருந்தது கடைசி நாலு ஸ்பூன்ல புரை ஏத்தும். சின்னக் கிண்ணத்துல கொஞ்சமா எடுத்து ஊட்டணும். முளைமாவு டியூபுக்கு மட்டும், வாய்க்குக் கொடுக்கிற கெட்டிப் பதத்துல கலக்காதீங்க.

பேரணாம்பட்டு வாசகர் | 13 மே, காலை 7.30

இவ்வளவு கணக்கு எதுக்குங்க? பக்கவாதம் வந்த எல்லாருக்கும் புரோட்டீன் பவுடர் கொடுத்துட்டா போச்சு. எங்க பக்கம் புறாக்கறி சூப்பும் கொடுப்பாங்க, கை கால் வரும்பாங்க.

காட்பாடி டயட்டீஷியன் | 13 மே, இரவு 9.00

எல்லாருக்கும் கொடுத்துப் பார்த்திருக்காங்க. ஃபுட்னு ஒரு பெரிய ஆய்வு, 2005ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்தது. வாயால சாப்பிட முடிஞ்ச 4,023 பக்கவாத நோயாளிகள்ல பாதிப்பேருக்கு சாதாரணச் சாப்பாட்டோட சத்துபானமும் சேர்த்துக் கொடுத்தாங்க. ஒட்டுமொத்தமா பலன் தெரியல. அவங்கள்ல சத்துக்குறைவோட வந்தவங்க கொஞ்சம் பேர்தான். நல்லா இருக்கிறவருக்குப் பவுடர் வீண் செலவு, தேவைப்படுறவருக்கு ரெண்டு ஸ்பூன் பத்தாது. யாருக்குத் தேவைன்னு பிரிக்கத்தான் இந்த அளவெல்லாம். சாப்பிடுற நோயாளிக்கும் வாரம் ஒரு தடவை எடையும் மஸ்ட் கணக்கும் போட்டே ஆகணும். சேர்ந்த அன்னிக்குப் பூஜ்யம் வாங்கினவர் மூணாவது வாரம் ரெண்டுல நிற்பாரு.

சூப்பு புறாவானாலும் ஆட்டுக்காலானாலும் வடிச்ச தண்ணியில புரதம் கொஞ்சம்தான். அதுலயும் எலும்பிலிருந்து வர்றது ஜெலட்டின், தசை கட்டத் தேவையான டிரிப்டோபன் அதுல இல்லவே இல்ல. கறியை வீட்ல இருக்கிறவங்க சாப்பிட்டுட்டு தண்ணியை நோயாளிக்குக் கொடுக்கிறது தலைகீழ். விழுங்கத் தெரிஞ்சவருக்கு கறியை மைய அரைச்சுக் கொடுங்க. "வாதம், அதனால முட்டை ஆகாது, தயிர் குளிர்ச்சி"ன்னு நிறுத்துறதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். ஒரு முட்டையில 6 கிராம் புரதம், அதை நிறுத்தினா அந்த இடத்துக்கு வீட்ல எதுவும் வர்றதில்ல.

குடியாத்தம் சிஸ்டர் | 16 மே, மாலை 5.50

இன்னிக்கு அஞ்சு வேளைக்கு வந்தாச்சு. உப்பு மூணும் சரியா இருக்கு, பொட்டாசியம் 4.0. ஒரு தடவை மட்டும் டியூப் அடைச்சது, வெதுவெதுப்பான தண்ணி விட்டு மெதுவா இழுத்துத் தள்ளினதும் சரியாச்சு. துணியில நிற்கிற சக்கையைக் காயவெச்சு நிறுத்தேன், ஒரு வேளைக்கு 4 கிராம்.

காட்பாடி டயட்டீஷியன் | 16 மே, இரவு 10.20

சக்கையை நிறுத்தது ரொம்ப நல்ல வேலை. நான் அதைக் கழிக்காமதான் 1350ன்னு எழுதியிருந்தேன். ஒரு நாளைக்கு 20 கிராம் போகுது, அதிகபட்சம் 70 கலோரி. உமிப்பகுதிதான் நிற்கும்னாலும், ரெண்டு வேளைக்கு எண்ணெயை ஒன்றரை டீஸ்பூனாக்கிடுங்க, பெரும்பகுதி ஈடாயிடும். புரதம் 57, 58 கிட்ட நிற்கும், போதும்.

அடைச்சா கோலா ஊத்தாதீங்க, அந்த அமிலம் பாலைத் திரிச்சு இன்னும் இறுக்கும். கம்பியும் விடக்கூடாது. உணவுக்கு முன்னாடி 30 மில்லி, பின்னாடி 30 மில்லி தண்ணி கட்டாயம். சிரிஞ்சை பிஸ்டனால தள்ளாம, பிஸ்டனைக் கழட்டிட்டு ஒரு அடி உயரத்துல பிடிச்சுத் தானா இறங்க விடுங்க, 250 மில்லிக்கு 15, 20 நிமிஷம். தலைப்பக்கம் 30லிருந்து 45 டிகிரி. முடிஞ்ச பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மூக்கு ஓரத்துல டியூப்ல மார்க்கர் கோடு போட்டு, ஒவ்வொரு வேளையும் கோடு அதே இடத்துல இருக்கான்னு பார்க்கணும். காத்தை அடிச்சு ஸ்டெத்தால கேட்கிறது நம்பகமில்ல, நுரையீரல்ல இருந்தாலும் அந்த சத்தம் கேட்கும். இழுத்த நீரோட பிஎச் 5.5க்குள்ள இருக்கணும். சந்தேகம் வந்தா எக்ஸ்ரே, உணவு இல்ல.

செஞ்ச கலவை இந்த வெயில்ல வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிற்கக் கூடாது. அந்தந்த வேளைக்குச் செய்யுங்க.

காட்பாடி டயட்டீஷியன் | 19 மே, மதியம் 3.30

தண்ணியைப் பத்தி எழுத விட்டுட்டேன். கிலோவுக்கு 30 மில்லி, இவருக்கு 1380. கலவையிலேயே ஒரு லிட்டர் தண்ணி இருக்கு, கழுவுறதுல 300. கணக்குப்படி சரியா வருது, ஆனா வேலூர்ல இந்த மாசம் கணக்கு பத்தாது. ஓட்டு வீடா இருந்தா இன்னும் 400, 500 மில்லி தனியா விடணும், இதயமும் சிறுநீரகமும் நல்லா இருந்தா. மூத்திரம் வெளிர்மஞ்சளா இருக்கணும், டீ நிறத்துக்குப் போகக் கூடாது.

குடியாத்தம் சிஸ்டர் | 25 மே, இரவு 8.15

அதே தராசு, அதே நாற்காலி: 46.9. கால்ல வீக்கம் இல்ல. முதுகுச் சிவப்பு மங்கிடுச்சு. டியூப் போட்டு ரெண்டு மாசம் ஆகப்போகுது, வயித்துல ஓட்டை போட்டு டியூப் வைக்கச் சொல்லுவாங்களான்னு மகன் பயப்படுறாரு.

காட்பாடி டயட்டீஷியன் | 25 மே, இரவு 9.40

900 கிராம்ல பாதிக்கு மேல தண்ணியாத்தான் இருக்கும், வறண்டு கிடந்தாரு. தசை ஏறினதா எடுத்துக்காதீங்க. மேல்கை அளவு ஏறுதான்னு மாசம் ஒரு தடவை பாருங்க.

வயித்து டியூப் விஷயத்துல மகனோட பயம் புரியுது. முதல் ரெண்டு மூணு வாரத்துல அவசரப்பட்டு அதைப் போட்டவங்க நிலைமை மூக்கு டியூப் போட்டவங்களைவிட மோசமா இருந்ததுன்னு அதே ஃபுட் ஆய்வு காட்டுச்சு. அதனால முதல்ல மூக்கு வழிதான். நாலு வாரத்துக்கு மேலயும் தேவைப்படும்னு தெரிஞ்சா வயித்து டியூப்தான் வசதி. மூக்குப் புண் வராது, இழுத்துப் போட்டுக்க மாட்டாரு, விழுங்கப் பழகும்போது தொண்டையில டியூப் உரசாது. விழுங்கல் வந்துட்டா எடுத்துடுவாங்க. முதல்ல சார் சொன்ன பரிசோதனை முடியட்டும்.

ராணிப்பேட்டை பேச்சு-விழுங்கல் | 1 ஜூன், மாலை 6.00

நேர்ல பார்த்தாச்சு. கஸ் 13. கெட்டிக்கூழ் பதம் நல்லா இறங்குது, தண்ணி 5 மில்லியில இருமல். உணவு, பானத்தோட பதத்தை நிலை நிலையா பிரிக்கிற ஐடிடிஎஸ்ஐ கணக்குல உணவு நாலாம் நிலை, பானம் மூணாம் நிலை. பதத்தை வீட்லயே பார்க்க 10 மில்லி சிரிஞ்ச் போதும். பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் உள்ள கோடு 61.5 மி.மீ. நீளம் இருக்கிற சிரிஞ்சா பார்த்து வாங்குங்க. நுனியை விரலால அடைச்சு பத்து வரைக்கும் நிரப்பி, விரலை எடுத்து பத்து நொடி விடுங்க. மிச்சம் 8 மில்லிக்கு மேல நின்னா மூணாம் நிலை. 4லிருந்து 8 நின்னா ரெண்டு, இவருக்கு அது இன்னும் நீர்ப்பு.

குழைய வேகவெச்ச பாசிப்பருப்புப் பொங்கலை மிளகு சீரகம் இல்லாம மிக்ஸியில அடிச்சது, கடைஞ்ச கெட்டித்தயிர், மசிச்ச வாழைப்பழம். ஒரு தடவைக்கு அரை டீஸ்பூன், தாடை கீழ்நோக்கி, வாயோட இடது பக்கம் வைக்கணும். வலது கன்னத்துல தேங்குதான்னு ஒவ்வொரு நாலு வாய்க்கும் விரல் விட்டுப் பாருங்க. மதியம் ஒரு வேளை மட்டும். மீதி டியூப்.

குடியாத்தம் சிஸ்டர் | 8 ஜூன், இரவு 7.30

பாதிக் கிண்ணம்தான் சாப்பிடுறாரு. இடது கையில ஸ்பூனைக் கொடுத்தா வேண்டாம்னு தள்ளுறாரு. ஊட்டினா கண்ணுல தண்ணி விடுறாரு.

காட்பாடி டயட்டீஷியன் | 8 ஜூன், இரவு 10.00

இடது கையால சாப்பிடுறது நம்ம வீடுகள்ல சின்ன விஷயம் இல்ல. 64 வருஷம் அந்தக் கையை எதுக்கு வெச்சிருந்தாரோ அதால வாய்க்குக் கொண்டு போகச் சொல்றோம். பசியே இல்லைன்னு எழுதிடாதீங்க. எல்லார் முன்னாடியும் உட்கார வைக்காதீங்க, தனியா, மனைவி மட்டும் பக்கத்துல. அவரோட வலது கையையும் ஸ்பூன்ல வெச்சு, இடது கை அதைத் தூக்கிட்டுப் போற மாதிரி பழக்குங்க, மனசும் ஏத்துக்கும், அந்தக் கைக்கும் வேலை. ஸ்பூன் பிடியில துணி சுத்திக் கைக்கு அடக்கமாக்குங்க. தட்டுக்கு அடியில ஈரத்துணி போட்டா நகராது, விளிம்பு உயர்ந்த கிண்ணம் நல்லது. தட்டுல வலது பாதியை அப்படியே விட்டுட்டு எழுந்தா அது கண்பார்வைக் கோளாறா இருக்கலாம், கிண்ணத்தைத் திருப்பி வெச்சுப் பாருங்க.

பாகாயத்துல சிஎம்சி மறுவாழ்வு மையம் இருக்கு, 1966ல டாக்டர் மேரி வர்கீஸ் தொடங்கினது. விபத்துல கால்கள் இயங்காமப் போய், சக்கர நாற்காலியில இருந்துகிட்டே ஆபரேஷன் பண்ணினவங்க. சாப்பிடுறதை அங்க தொழில்வழிச் சிகிச்சையில ஒரு பயிற்சியாவே சொல்லிக் கொடுப்பாங்க. ஒரு தடவை கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

அழுகை தினமும் இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க. பக்கவாதத்துக்குப் பிறகு வர்ற மனச்சோர்வுக்கு மருந்து இருக்கு. அதைப் பார்க்காம நாம கலவையை மாத்திட்டே இருந்தா பலன் இல்ல.

வாயால போறதைக் கிண்ணக் கணக்குல எழுதிட்டு வாங்க. தேவையில முக்கால்வாசி மூணு நாள் தொடர்ந்து வாயால போனாத்தான் டியூபை எடுக்கிற பேச்சு. அதுவரைக்கும் வாய்க்கு ஒரு வேளை ஏறினா டியூப்ல ஒரு வேளையைக் குறைக்காதீங்க, பாதி வேளையைக் குறைங்க.

குடியாத்தம் சிஸ்டர் | 15 ஜூன், இரவு 8.40

47.6. இடது மேல்கை 21.8. மதியக் கிண்ணம் முழுசும் போகுது, ராத்திரிக்கும் ஒரு கிண்ணம் சேர்த்திருக்கோம். ரெண்டு கையும் சேர்த்துத்தான் ஸ்பூனைத் தூக்குறாரு. அம்மா களி எப்போ கொடுக்கலாம்னு கேட்கிறாங்க.

ராணிப்பேட்டை பேச்சு-விழுங்கல் | 15 ஜூன், இரவு 9.05

இப்போ இல்லைன்னு சொல்லுங்க சிஸ்டர். ஜூலை முதல் வாரம் திரும்பப் பரிசோதிக்கிறேன். மெல்லுறது வந்தா முதல்ல பால்ல ஊறின இட்லி. களிக்கு அதுக்கும் ரொம்ப நாள் கழிச்சு.